கனமான டூரிங் பைக்கிலிருந்து எடை குறைந்த வண்டிக்கு மாறுவது எப்படி?

650 சிசி டூரிங் பைக் ஒன்று நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, அதன் எடை ஓட்டுபவருக்கு எந்தத் தொல்லையும் தருவதில்லை. எதிரே வரும் பேருந்து கிளப்பும் காற்றிலும் திறந்த வெளிகளில் வீசும் பக்கக் காற்றிலும் வண்டி அலைபாயாமல் ஓடுவதற்கு அந்த எடையே துணை செய்கிறது. தொல்லை தொடங்குவது வண்டி நிற்கும் இடத்தில்தான். பெட்ரோல் பங்கின் சரிவில் வண்டியைப் பின்னால் தள்ளும்போதும், வீட்டு வாசல் சாய்தளத்தில் ஏற்றும்போதும், கொண்டை ஊசி வளைவின் நடுவில் முன்னே போகும் லாரி நின்றுவிட நாமும் ஒற்றைக் காலை ஊன்றி நிற்கும்போதும்தான் ஒவ்வொரு கிலோவும் தன்னைக் காட்டுகிறது. ஆகவே வண்டியை மாற்றும் முடிவையும், எந்த வண்டிக்கு மாறுவது என்ற முடிவையும், ஓட்டிப் பார்த்து எடுப்பதைவிட நிறுத்தி வைத்துத் தள்ளிப் பார்த்து எடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. முழங்கால் தேய்மானம் வந்தவர்கள், முதுகுவலியோடு ஓட்டுபவர்கள், ஐம்பதைக் கடந்தவர்கள், உயரம் குறைந்தவர்கள், நீண்ட பயணம் குறைந்து அன்றாட ஊர்ச் சுற்றல் கூடிவிட்டவர்கள் ஆகியோரில், வண்டியை விற்பதும் மாற்றுவதும் முதன்முறையாக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காகித வேலைகள் தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டியவை.

தொல்லை எடையில்தானா என்று பாருங்கள்

"வண்டி கனமாக இருக்கிறது" என்று சொல்பவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையான சிக்கல் இருக்கையின் உயரத்திலோ, ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருப்பதிலோ, வண்டியில் ஏற்றி வைத்திருக்கும் பொருள்களிலோ இருக்கிறது. இரும்பாலான லெக் கார்டு, பக்கப் பெட்டிகள், அவற்றைத் தாங்கும் சட்டம், பின்னால் டாப் பாக்ஸ் என்று சேர்த்துக்கொண்டே போனால், கம்பெனி சொன்ன எடைக்கு மேல் பல கிலோ கூடிவிடும். அதிலும் டாப் பாக்ஸ் உயரத்திலும் பின்சக்கரத்துக்கு அப்பாலும் இருப்பதால், அதில் வைக்கும் ஐந்து கிலோ அடியில் இருக்கும் ஐந்து கிலோவைவிட அதிகமாக வண்டியைச் சாய்க்கும். எனவே முதல் வேலையாக, கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓரிரு வாரம் வண்டியைப் பயன்படுத்திப் பாருங்கள். இருக்கையின் பஞ்சைக் குறைத்துத் தைத்துத் தருபவர்கள் பெரும்பாலான ஊர்களில் இருக்கிறார்கள். சில மாடல்களுக்கு உயரம் குறைந்த இருக்கை ஷோரூமிலேயே கிடைக்கும்.

சஸ்பென்ஷனை மாற்றி வண்டியின் உயரத்தையே குறைப்பதை மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. வண்டி தாழ்ந்தால் சைடு ஸ்டாண்டு அதற்கு நீளமாகிவிடும். அப்போது வண்டி இடப்பக்கம் போதிய அளவு சாயாமல் ஏறக்குறைய நேராக நிற்கும், வலப்பக்கத்திலிருந்து சிறு இடி பட்டாலும் சரிந்துவிடும். வேகத்தடைகளில் அடிப்பாகம் இடிப்பது அதற்கு மேலான தொல்லை.

இவற்றையெல்லாம் செய்த பிறகும் வண்டியை வெளியே எடுக்கவே மனம் தயங்குகிறது என்றால், பக்கத்துக் கடைக்குக்கூட ஸ்கூட்டரையே எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால், மாற்றும் காலம் வந்துவிட்டது. அந்தத் தயக்கத்தை ஒரு குறையாக எண்ண வேண்டியதில்லை. நின்ற நிலையில் வண்டி காலின் மேல் சரிந்து கணுக்கால் முறிவதற்கு முன்பே மாற்றிக்கொள்வதுதான் நல்லது.

எடையும் உயரமும் சேர்ந்தே கணக்கு

வண்டிகளை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது எடையைத்தான். அதில் ஒரு பொறி இருக்கிறது. சில பட்டியல்களில் தரப்படும் எடை பெட்ரோல் இல்லாமல் கணக்கிட்டது, வேறு சிலவற்றில் பெட்ரோலோடு கணக்கிட்டது. ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டார் 650 வெளிவந்தபோது பெட்ரோல் இல்லாமல் 202 கிலோ என்று சொல்லப்பட்டது. பிற்காலப் பட்டியலில் பெட்ரோலோடு 218 கிலோ என்று இருக்கிறது. பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ இருக்கும் என்பதால், பதினைந்து லிட்டர் டாங்க் நிறைந்தால் பதினொரு கிலோ கூடுகிறது. ஆகவே இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே வகை எடையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி எடை உங்கள் கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்று பார்ப்போம். வண்டி நேராக நிற்கும்போது எடை முழுவதையும் இரண்டு டயர்களே தாங்குகின்றன. நீங்கள் தாங்குவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. சாயத் தொடங்கியதும்தான் உங்கள் பங்கு தொடங்குகிறது. எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், நீங்கள் பிடித்திருக்கும் கைப்பிடி ஒரு மீட்டர் உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொண்டு தோராயமாகக் கணக்கிட்டால், 241 கிலோ எடையுள்ள ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650 பத்து பாகை (டிகிரி) சாயும்போது உங்கள் கை சுமார் 21 கிலோவைத் தாங்க வேண்டியிருக்கும். இருபது பாகை சாய்ந்தால் அது சுமார் 41 கிலோவாகிவிடும். 181 கிலோ எடையுள்ள, அதே நிறுவனத்தின் ஹன்டர் 350-க்கு அதே கணக்கில் முறையே 16 கிலோவும் 31 கிலோவும் வருகின்றன.

இந்த எண்களை ஒரு முறை நிதானமாகப் பார்த்தால் இரண்டு செய்திகள் விளங்கும். அறுபது கிலோ எடைக் குறைவு இருபது பாகைச் சாய்வில் பத்து கிலோ சுமையைக் குறைக்கிறது என்பது ஒன்று. மூட்டு வலி உள்ளவருக்கு அந்தப் பத்து கிலோதான் வண்டியை நிமிர்த்துவதற்கும் கீழே விடுவதற்கும் இடையிலான வேறுபாடு. சாய்வைப் பத்து பாகைக்குள் நிறுத்திவிட்டால் கனமான வண்டியே இருபது பாகை சாய்ந்த லேசான வண்டியைவிட எளிதாகக் கைக்குள் நிற்கும் என்பது மற்றொன்று. சாய்வு எவ்வளவுக்குள் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் பாதம் தரையில் எவ்வளவு பதிகிறது என்பதுதான். பாதம் முழுதும் பதிந்தால் வண்டி நகரத் தொடங்கும் கணத்திலேயே கால் தடுத்துவிடும். பெருவிரல் நுனி மட்டும் பட்டால் வண்டி கணிசமாகச் சாய்ந்த பிறகே கால் உதைத்து நிற்க இடம் கிடைக்கும்.

அதனால்தான் எடையை மட்டும் பார்த்து மாறியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். சூப்பர் மீட்டியாரின் இருக்கை 740 மில்லிமீட்டர் உயரம். அதைக் கொடுத்துவிட்டு 167 கிலோ எடையுள்ள சுஸுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் வாங்கினால் எடை எழுபது கிலோவுக்கு மேல் குறைகிறது. ஆனால் அதன் இருக்கை 835 மில்லிமீட்டர். ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் உயர்ந்த இருக்கையில் உட்கார்ந்து நுனிக்காலில் நிற்கும் ஐந்தடி நான்கங்குலக்காரருக்கு, அந்த லேசான வண்டி பழைய வண்டியைவிட அச்சம் தரக்கூடும். ஆறடி உயரமானவருக்கோ அதுவே மிகப் பொருத்தமான மாற்றாக இருக்கலாம். ஆகையால் உங்கள் கால் உயரத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள்: சுவரில் முதுகை ஒட்டி நின்று, கால்களுக்கிடையில் ஒரு தடித்த புத்தகத்தை மேலே வரை இடுக்கிக்கொண்டு, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் போதும். இருக்கையின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, எட்டும் உயரம் மேலும் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்; அதை வண்டியில் உட்கார்ந்து பார்த்தால்தான் அறிய முடியும்.

தொடக்கப் பட்டியலுக்குச் சில பெயர்களைச் சொல்கிறேன். மாடல் ஆண்டைப் பொறுத்து ஓரிரு கிலோ மாறலாம். கால் நீட்டி உட்காரும் பழக்கத்தை விட மனமில்லாதவர்களுக்கு ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 இருக்கிறது. 191 கிலோ, இருக்கை 765 மில்லிமீட்டர். அதே பழக்கத்தோடு இன்னும் எடை குறைய வேண்டுமென்றால் பஜாஜ் அவெஞ்சர் குரூஸ் 220 உண்டு. சுமார் 163 கிலோ எடையும் 737 மில்லிமீட்டர் இருக்கையும் கொண்ட அது, உயரம் குறைந்தவர்களுக்கு நான் முதலில் காட்டும் வண்டி. ஹன்டர் 350-இன் இருக்கை 790. ஹோண்டா ஹைனஸ் சிபி350-ம் 181 கிலோதான், இருக்கை 800. டிவிஎஸ் ரோனின் சுமார் 160 கிலோ, இருக்கை 795. கிளாசிக் 350-ஐ லேசான வண்டி என்று எண்ணிப் போகாதீர்கள். அது 195 கிலோ.

ஷோரூமில் செய்ய வேண்டிய சோதனை

டெஸ்ட் ரைடு என்று பத்து நிமிடம் நேர் சாலையில் ஓட்டிவிட்டு வந்தால் எல்லா வண்டியும் நன்றாகவே இருக்கும். அதற்கு முன்பு, எஞ்சினை அணைத்து வைத்தே அரை மணி நேரம் செலவிடுங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினால் கூட்டமில்லாத வேலைநாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். அன்றாடம் வண்டி ஓட்டும்போது அணியும் காலணியையே அணிந்து செல்லுங்கள். அடி தடித்த ஷூவுக்கும் செருப்புக்கும் உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் வரை வேறுபாடு வரும்.

முதலில் வண்டியின் இடப்பக்கம் நின்று, இடது கையால் இடது கைப்பிடியையும் வலது கையால் பின்னிருக்கைக் கம்பியையும் பிடித்து, இடுப்பு இருக்கையின் பக்கவாட்டில் படும்படி அணைத்துக்கொண்டு, சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள். மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியே பத்தடி முன்னும் பத்தடி பின்னும் தள்ளிப் பாருங்கள். தள்ளும்போது வலது கையை முன்பிரேக்கின் லீவருக்குக் கொண்டுவந்து ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். ஹேண்டில்பார் ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கை அழுத்தினால் வண்டி அந்தப் பக்கம் சரியப் பார்க்கும், அந்த இழுப்பு உங்கள் கைக்கு அடங்குகிறதா என்பதே இங்கே அறிய வேண்டியது. பிறகு ஏறி உட்கார்ந்து, இரண்டு பாதங்களும் எவ்வளவு பதிகின்றன என்று உடன் வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடியே கால்களால் உந்திப் பின்னால் நகர்த்துங்கள். ஷோரூம் வாசலில் சாய்தளம் இருந்தால் அதன் அடியில் நின்று மேல்நோக்கிப் பின்தள்ள முயலுங்கள். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதைப் போட்டு எடுத்துப் பாருங்கள். இங்கே தேவைப்படுவது கைவலிமையைவிட ஸ்டாண்டின் காலை மிதிக்கும் உங்கள் உடல் எடைதான்.

ஹேண்டில்பாரை முழுதும் இடமும் வலமும் திருப்புங்கள். திருப்பிய பிறகு தூரத்துக் கைப்பிடியை எட்ட உடம்பை முன்னால் சாய்க்க வேண்டியிருந்தால், நெருக்கமான யு-டர்னில் அந்த வண்டி உங்களுக்குத் தொல்லை தரும்.

இதையெல்லாம் தாண்டிய வண்டியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஓட்டும்போதும் வேகத்தைச் சோதிப்பதைவிட, நடைவேகத்தில் கிளட்ச்சைப் பாதி பிடித்து நேராகச் செல்வது, இருபதடி அகலச் சாலையில் காலை ஊன்றாமல் திரும்புவது, மேடு ஏறும் வழியில் நிறுத்திப் பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டே கிளம்புவது ஆகிய மூன்றையும் செய்யுங்கள். வழக்கமாகப் பின்னால் உட்காருபவரையும் அழைத்துச் சென்று, அவர் ஏறி இறங்கும்போது வண்டி எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். தம்பதியாகப் பயணம் செய்பவர்களில் பலர் இந்த ஒன்றைச் சோதிக்காமல் வாங்கிவிட்டு, பிறகு அந்த அம்மையாருக்குப் பின்னிருக்கை ஒத்துவரவில்லை என்று மறுபடியும் வண்டி தேடுகிறார்கள்.

350 சிசி என்ற எல்லை

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள மோட்டார் சைக்கிள்களுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக உயர்ந்தது. இதனால் 349 சிசி வண்டிக்கும் 398 சிசி டிரையம்ஃப் ஸ்பீடு 400 போன்ற வண்டிக்கும் இடையே வரியில் மட்டுமே பெரிய இடைவெளி உண்டாகியிருக்கிறது. எடை குறைய வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் 350-க்குள் தேடுவது பணத்தாலும் பொருந்திவரும். விற்பவருக்கும் இதில் ஒரு சாதகம் உண்டு: புதிய 650 சிசி வண்டியின் வரி உயர்ந்திருப்பதால், நன்றாகப் பராமரித்த பழைய 650-க்குக் கொஞ்சம் உறுதியோடு விலை கேட்கலாம்.

ஆனால் எஞ்சின் சிறிதாவதன் விளைவையும் தெரிந்தே மாறுங்கள். சூப்பர் மீட்டியாரின் எஞ்சின் 47 குதிரைத்திறன் தருகிறது. ராயல் என்ஃபீல்டின் 349 சிசி எஞ்சின் தருவது 20-க்குச் சற்று மேல். எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுதும் நிம்மதியாகப் போகலாம். அந்த வேகத்தில் ஒரு பேருந்தை முந்துவதற்கான கையிருப்புத் திறன் மட்டும் குறைந்திருக்கும்.

பழைய வண்டியை விற்பனைக்கு ஆயத்தம் செய்தல்

வண்டியை நன்றாகக் கழுவி, சர்வீஸ் செய்து, செயினுக்கு எண்ணெயிட்டு, எரியாத விளக்குகளை மாற்றுங்கள். பெரிய செலவு எதுவும் செய்யாதீர்கள். புது டயர் போட்ட பணம் விலையில் முழுதாகத் திரும்பாது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2322 என்றிருந்தால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. விவரம் தெரிந்த வாங்குபவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பேச்சில் நம்பிக்கை பிறக்கும். பக்கப் பெட்டிகள், முன்பக்கக் காற்றுத் தடுப்புக் கண்ணாடி, கூடுதல் விளக்குகள் முதலியவற்றைக் கழற்றித் தனியே விற்றால் பெரும்பாலும் கூடுதல் பணம் கிடைக்கும், வண்டியோடு கொடுத்தால் அவற்றுக்கென்று தனி விலை எவரும் தருவதில்லை. கழற்றிய இடங்களில் கம்பெனியின் பழைய உதிரிகளை மீண்டும் மாட்டிவிடுங்கள்.

ஷோரூமின் எக்ஸ்சேஞ்ச், பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங் கடை, நேரடியாகத் தனியாருக்கு விற்பது என்று மூன்று வழிகள் இருக்கின்றன. எக்ஸ்சேஞ்சில் விலை குறைவு, அலைச்சலும் குறைவு. அங்கே பேசும்போது பழைய வண்டிக்கு என்ன தருகிறார்கள் என்பதையும், புதிய வண்டிக்கு எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் ஆன்-ரோடு விலை என்ன என்பதையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இரண்டையும் கலந்து "கையிலிருந்து இவ்வளவு போட்டால் போதும்" என்று சொல்லும் ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். பழைய வண்டிக்குக் கூட்டிக் கொடுத்ததுபோல் காட்டி, புதிய வண்டியில் தர வேண்டிய தள்ளுபடியை நிறுத்திவிட அந்த ஒற்றை எண் இடம் கொடுக்கிறது.

நேரடி விற்பனையில் வாங்க வருபவர் ஓட்டிப் பார்க்கக் கேட்பார், கேட்பது நியாயம். அவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து, கனரக பைக் ஓட்டிய பழக்கம் உண்டா என்று விசாரித்து, அவர் வந்த வண்டியையோ விலையின் ஒரு பகுதியையோ உங்களிடம் வைத்துவிட்டு எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். 125 சிசி வண்டி மட்டுமே ஓட்டியவர் 240 கிலோ வண்டியை முதல் திருப்பத்திலேயே கீழே போட்டுவிடக் கூடும். பணத்தை வங்கிக் கணக்கு வழியே வாங்குங்கள். இரண்டு லட்சம் ரூபாயையோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பணம் வந்துவிட்டது என்று அவர் கைபேசியில் காட்டும் படத்தை நம்பாமல், உங்கள் கணக்கில் பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள்.

பெயர் மாறும்வரை வண்டி உங்களுடையதே

இந்தப் பகுதியைத்தான் முதன்முறை விற்பவர்கள் மிகவும் அலட்சியம் செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பணம் கைக்கு வந்து, சாவியும் ஆர்.சி.யும் (பதிவுச் சான்று) போய்விட்டால் வண்டியோடு நமக்குள்ள தொடர்பு முடிந்தது என்று எண்ணுவது தவறு. 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் ஒரு கார் பல கை மாறிய பிறகு விபத்துக்குள்ளானது, ஆனால் பதிவேட்டில் முதல் உரிமையாளரின் பெயரே இருந்தது. யாருடைய பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்றும் இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே என்றும் தீர்ப்பானது. நீங்கள் விற்ற வண்டி பெயர் மாறாமல் ஓடிக்கொண்டிருந்தால், அது சிக்னலைத் தாண்டினால் அபராதச் சீட்டு உங்கள் கைபேசிக்கு வரும். அது ஒருவரை இடித்துவிட்டால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

விற்பதற்கு முன் முடிக்க வேண்டியவை இரண்டு. வண்டி கடனில் வாங்கியதாக இருந்து கடன் தீர்ந்திருந்தாலும், ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்கியிருக்காது. வங்கியிடம் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணையின்மைச் சான்று) வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-உம் வாங்கி, போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்து, ஹெச்.பி. எனப்படும் அந்தக் கடன் பதிவைக் கேன்சல் செய்ய வேண்டும். வங்கி தரும் என்.ஓ.சி.க்குக் காலவரம்பு போட்டிருப்பது வழக்கம்; அதைக் கடக்கவிடாதீர்கள். அடுத்து, வண்டியின் மேல் செலுத்தாத இ-செலான் (இணையவழி அபராதச் சீட்டு) இருந்தால் அதைக் கட்டி முடியுங்கள். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும்.

விற்கும்போது படிவம் 29, படிவம் 30 ஆகிய இரண்டும் தேவை. 29 என்பது வண்டியை இன்னாருக்குக் கொடுத்துவிட்டேன் என்று நீங்கள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கும் அறிவிப்பு. 30 என்பது பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்பவர் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வேறு மாநிலத்தவருக்கு விற்பதானால் படிவம் 28-இல் ஆட்சேபணையின்மைச் சான்று பெற வேண்டும், அதற்குக் காலவரம்பு 45 நாட்கள். பெங்களூரிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வருபவர் நல்ல விலை சொன்னாலும் இந்தக் கூடுதல் வேலையைக் கணக்கில் வைத்தே விலை பேசுங்கள்.

வாங்குபவர் பொறுப்பில் விட்டுவிடாமல், அவரோடு சேர்ந்து நீங்களே பரிவாகன் தளத்தில் பெயர் மாற்ற விண்ணப்பத்தைப் பதிவு செய்து கட்டணத்தையும் செலுத்திவிட்டு, அதன் பிறகு வண்டியைக் கொடுப்பதே பாதுகாப்பான முறை. கட்டணத்தை யார் ஏற்பது என்று விலை பேசும்போதே பேசிவிடுங்கள். வண்டியை ஒப்படைக்கும்போது டெலிவரி நோட் ஒன்று எழுதி, தேதியோடு மணியையும் நிமிடத்தையும் குறித்து, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் ஓடிய கிலோமீட்டரையும் அதில் எழுதுங்கள். அன்று மாலையே அந்த வண்டி ஏதாவது சிக்கலில் மாட்டினால், அது எந்த நேரத்திலிருந்து யார் கையில் இருந்தது என்று காட்ட உங்களிடம் இருக்கும் தாள் அதுதான்.

கன்சல்டிங் கடைக்குக் கொடுக்கும்போது, வாங்குபவர் பெயர் எழுதாத படிவங்களில் கையெழுத்திடச் சொல்வார்கள். ஆள் கிடைத்ததும் பெயரை நிரப்பிக்கொள்வதாகச் சொல்வது அவர்களின் நெடுநாள் வழக்கம். அந்த ஆள் கிடைக்கும்வரை வண்டி உங்கள் பெயரிலேயே தெருவில் ஓடும். இதைத் தடுக்கவே 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதி வந்திருக்கிறது: பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற்ற பழைய வண்டி வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து, படிவம் 29சி வழியாக அதைத் தளத்தில் தெரிவித்துவிட்டால், அதன் பிறகு அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த அங்கீகாரச் சான்றைத்தான். ஷோரூம் எக்ஸ்சேஞ்சுக்கும் இதே கேள்வி பொருந்தும், ஏனெனில் பல ஷோரூம்கள் வாங்கிய பழைய வண்டியைப் புரோக்கரிடம் தள்ளிவிடுகின்றன.

சில வாரங்கள் கழித்து, பழைய வண்டியின் எண்ணைத் தளத்தில் போட்டுப் பெயர் மாறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸில் விட்டுவிடக் கூடாத ஒன்று

நீங்கள் ஆண்டுக்கணக்கில் கிளைம் செய்யாமல் சேர்த்த நோ கிளைம் போனஸ் வண்டிக்குச் சொந்தமானதல்ல, உங்களுக்குச் சொந்தமானது. அது முதல் ஆண்டில் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதம் வரை ஏறும். பழைய வண்டியை விற்றதற்கான ஆதாரத்தைக் கொடுத்து இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் போனஸ் சான்று வாங்கினால், மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் புதிய பைக்கின் பிரீமியத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாம். கழிவு வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதிக்கு மட்டும் கிடைக்கும், மூன்றாம் நபர் பகுதிக்குக் கிடைக்காது. ஷோரூமில் பாலிசி போடுவதற்கு முன்பே சான்றைக் காட்ட வேண்டும் என்பதால், பழையதை முதலில் விற்றுவிட்டுப் புதியதை எடுப்பது இந்த வகையிலும் நல்லது.

புதிய வண்டியோடு முதல் வாரங்கள்

கைகள் பழைய எடைக்குப் பழகியிருக்கும். முதல் சில நாட்களில் வண்டியை நிமிர்த்தும்போது தேவைக்கு மேல் இழுத்து, மறுபக்கம் சாய்த்துவிட வாய்ப்பு உண்டு. வளைவில் ஹேண்டில்பாரைத் தேவைக்கு மேல் உந்தி உள்பக்கம் இறங்கிவிடவும் கூடும். ஆகவே முதலில் வெறிச்சோடிய மைதானத்திலோ ஞாயிறு காலைத் தெருவிலோ மெதுவாகத் திரும்பிப் பழகுங்கள். திடீர் பிரேக்கையும் அங்கேயே நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சில முறை அடித்துப் பாருங்கள். அப்படிப் பழகிவிட்டால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவரில் வரும் துடிப்பு அவசரத்தில் உங்களைத் திகைக்க வைக்காது. ராயல் என்ஃபீல்டு வண்டிகளுக்கு முதல் சர்வீஸ் 500 கிலோமீட்டரில் வருகிறது. அதுவரை எஞ்சினை ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமலும் முறுக்கிப் பிடிக்காமலும் இருக்க வேண்டும்.

மூட்டையைக் கட்டுவதிலும் மாற்றம் வேண்டும். பழைய வண்டியில் இரண்டு பெட்டியும் டாப் பாக்ஸும் நிறைய எடுத்துச் சென்றவர், அதே சுமையை 160 கிலோ வண்டியில் ஏற்றினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் நடுங்கும். கனமான பொருள்களைக் கீழே, சக்கரங்களுக்கு இடையே வருமாறு துணிப் பைகளில் கட்டுங்கள். பின்னால் ஆள் உட்காரும் நாளில் பின் சஸ்பென்ஷனின் பிரீலோடை (ஸ்பிரிங்கின் இறுக்கத்தை) ஓரிரு படி ஏற்றுங்கள். திறந்த பாலங்களில் பக்கக் காற்று முன்னைவிட அதிகமாகத் தள்ளும், அப்போது கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கால்களால் டாங்கை அணைத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். முதல் மலைப் பயணத்துக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையைத் தேர்ந்தெடுக்காமல், பதினான்கே வளைவுகள் உள்ள ஏலகிரிக்குப் போய் வாருங்கள். இரண்டாம் கியரில் எவ்வளவு இழுக்கிறது, எங்கே முதல் கியருக்கு இறங்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

லேசான வண்டியும் ஒரு நாள் சாயக்கூடும். சாயத் தொடங்கி இருபது பாகையைத் தாண்டிவிட்டால் பிடித்து நிறுத்த முயலாமல் காலை விலக்கிக்கொண்டு விட்டுவிடுங்கள். பிறகு எஞ்சினை அணைத்து, வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்து, உருளாமலிருக்கக் கியரில் போட்டு, கீழே கிடக்கும் பக்கத்துக் கைப்பிடி டாங்கை நெருங்கும்படி ஹேண்டில்பாரை முழுதும் திருப்புங்கள். இருக்கைக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் அந்தக் கைப்பிடியையும் மறு கையால் பின்னிருக்கைக் கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல் கால்களால் சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடந்தால் வண்டி எழுந்துவிடும். வண்டி வாங்கிய வாரத்தில், பழைய மெத்தை ஒன்றை விரித்து, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, இதை ஒரு முறை செய்து பாருங்கள்.